பாலைவனத்தில் அட்லாண்டிக்கைக் கடந்த கப்பல்: அமெரிக்கக் கடற்படையும் ஒரு நாட்டின் எரிசக்தியும்

1953 ஜூன் மாதம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், எந்தக் கடலிலிருந்தும் பல நூறு மைல் தள்ளி, புதர் மண்டிய பாலைநிலத்தின் நடுவே ஒரு பெரிய கொட்டகை. அதற்குள் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் நடுத்துண்டு மட்டும், முகப்பும் வாலும் இல்லாமல் நின்றது. அணு உலை இருந்த பகுதியைச் சுற்றிக் கடலுக்குப் பதிலாக ஒரு தண்ணீர்த் தொட்டி. உலை முழுத் திறனில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் ஓடியதும், வேண்டிய அளவீடுகள் கிடைத்துவிட்டன, நிறுத்திவிடலாம் என்றார்கள் பொறியாளர்கள். அந்தத் திட்டத்தின் தலைவரான கடற்படை கேப்டன் ஹைமன் ரிக்கோவர் ஒப்பவில்லை. வட அட்லாண்டிக்கின் கடல் வரைபடத்தைக் கட்டுப்பாட்டு அறையில் மாட்டச் சொன்னார். இந்த உலை ஒரு கப்பலைத் தள்ளியிருந்தால் இந்நேரம் எங்கே இருக்கும் என்று அதில் குறித்துக்கொண்டே வந்தார்கள். அறுபது மணி நேரத்துக்குப் பிறகு கருவிகள் தடுமாறின. நீராவியைக் குளிர்விக்கும் கண்டென்சரில் ஒரு குழாய் கசிந்தது. நிறுத்தச் சொல்லி நாலாபக்கமும் அழுத்தம். ரிக்கோவர் அசையவில்லை. நான்காம் நாள் முடிவில் வரைபடத்துக் கோடு அயர்லாந்துக் கரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

இன்று உலகில் மின்சாரம் தரும் அணு உலைகளில் மூன்றில் இரண்டுக்கும் மேற்பட்டவை அந்தக் கொட்டகையில் ஓடிய வகையைச் சேர்ந்தவை. அழுத்த நீர் உலை என்பது அதன் பெயர். கூடங்குளத்தில் இருப்பதும் அந்த வகைதான். அது ரஷ்யாவில் தனியாக வளர்ந்த கிளை. ஊருக்கு விளக்கெரிக்கும் உலையின் வடிவத்தை ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் வயிற்றளவு தீர்மானித்தது எப்படி? இதற்குப் பதில் தேடிப் போனால், அதே கடற்படை நிலக்கரியிலும் எண்ணெயிலும் ஏற்கெனவே இதைச் செய்து பழகியிருந்தது தெரிகிறது. எரிபொருளை வாங்குகிறவர் யார், எதற்காக வாங்குகிறார் என்பதைப் பொறுத்து ஒரு நாட்டின் எரிசக்தியே திசை மாறிப் போகும். அமெரிக்காவில் அப்படி வாங்கிய முதல் பெரிய கை கடற்படையுடையது.

கரியும் எண்ணெயும்

பாய்மரம் இருந்தவரை கடற்படைக்கு எரிபொருள் கவலை இல்லை. நீராவி வந்ததும் கவலை வந்தது. எந்தச் சுரங்கத்துக் கரி அதிக வெப்பம் தரும், எது குறைவாகப் புகையும், எது கப்பல் அறையில் குறைந்த இடம் பிடிக்கும் என்று யாருக்கும் திட்டவட்டமாகத் தெரியாது. கடற்படை வால்டர் ஜான்சன் என்ற அறிவியலாளரைப் பிடித்து, நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த கரிகளை ஒவ்வொன்றாக எரித்து அளக்க வைத்தது. 1844-இல் வெளியான அவருடைய அறிக்கை கப்பலுக்காக எழுதப்பட்டதுதான். ஆனால் கொதிகலன் வைத்திருந்த எந்த ஆலைக்காரரும் அதைப் பிரித்துப் பார்த்துப் பயனடைய முடிந்தது. கடற்படை தன் தேவைக்காக ஒன்றை அளக்கும், அந்த அளவுகோல் நாட்டுக்கே மிஞ்சும். இது பிறகும் பலமுறை நடந்தது.

கரியில் ஓடிய கடற்படைக்கு ஒரு பெரிய வெட்கமும் காத்திருந்தது. 1907 டிசம்பரில் 16 போர்க்கப்பல்கள், வெள்ளை வண்ணம் பூசிக்கொண்டு, உலகைச் சுற்றி வரப் புறப்பட்டன. அமெரிக்காவின் வலிமையைக் காட்டும் அணிவகுப்பு அது. ஆனால் வழியெங்கும் அவற்றுக்குக் கரி கொண்டுவந்து கொடுத்தவை பெரும்பாலும் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்கள். பிரிட்டன் மனம் மாறியிருந்தால் அணிவகுப்பு நடுக்கடலில் நின்றுபோயிருக்கும். கரி ஏற்றும் நாளில் மாலுமிகள் படும் பாடு வேறு. மூட்டை மூட்டையாகத் தூக்கிக் கொட்டி, தளம் முழுக்கக் கருந்தூசி படிந்து, கண்ணும் மூக்கும் கறுத்து, பிறகு கப்பலையே கழுவித் துடைக்க வேண்டும்.

எண்ணெய் இந்தப் பாட்டை ஒழித்தது. எடைக்கு எடை, கரியைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வெப்பம். குழாய் வழியே ஏற்றலாம். மண்வெட்டியோடு நிற்கும் ஆட்கள் வேண்டாம். கடற்படை இதையும் கண்மூடித்தனமாக ஏற்கவில்லை. 1902 முதல் ஈராண்டு காலம் ஒரு குழு அமைத்துக் கொதிகலன்களில் எண்ணெயை எரித்துப் பார்த்தது. 1910-இல் எண்ணெயில் ஓடும் பால்டிங் என்ற நாசகாரிக் கப்பல் கடற்படையில் சேர்ந்தது. 1912-இல் நெவாடா, ஓக்லஹோமா என்ற இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் கரி அறையே இல்லாமல் கட்டத் தொடங்கப்பட்டன.

இதே முடிவுக்கு வந்த பிரிட்டனுக்கு மண்ணுக்கடியில் கரி இருந்தது, எண்ணெய் இல்லை. அதனால் 1914-இல் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பங்கை அரசே வாங்கிப் பாரசீகத்தின் தலையெழுத்தில் தன் கையை வைத்தது. அமெரிக்காவுக்கு எண்ணெய் காலடியிலேயே கிடந்தது. அதன் சிக்கல் வேறு. பொது நிலங்களில் யார் வேண்டுமானாலும் போய்த் துளையிட்டு உரிமை கோரலாம் என்ற சட்டம் இருந்ததால், கலிபோர்னியாவின் எண்ணெய் நிலங்கள் மளமளவென்று தனியார் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. இப்படியே போனால், தான் சும்மா கொடுத்த எண்ணெயையே அரசு நாளை விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும் என்று நிலவியல் துறையின் தலைவர் எச்சரித்தார். 1909 செப்டம்பரில் அதிபர் டாஃப்ட், கலிபோர்னியாவிலும் வயோமிங்கிலும் சுமார் 30 லட்சம் ஏக்கரை அப்படியே நிறுத்திவைத்தார். அதிலிருந்து பிறந்தவைதான் கடற்படைப் பெட்ரோலிய இருப்பு நிலங்கள்: 1912-இல் எல்க் ஹில்ஸ், அதே ஆண்டு புவேனா விஸ்டா, 1915-இல் டீபாட் டோம். சூடாக்கினால் எண்ணெய் தரும் பாறைகளுக்காகக் கொலராடோவிலும் யூட்டாவிலும் நிலம் ஒதுக்கினார்கள்.

இந்த நிலங்களில் எண்ணெய் எடுக்க வேண்டும் என்பது திட்டமே அல்ல. எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். இன்று பல நாடுகள் அவசரகாலத்துக்கு எண்ணெயைச் சேமித்து வைக்கின்றனவே, அந்த எண்ணத்தின் முதல் வடிவங்களில் ஒன்று இது. தொட்டி கட்ட வேண்டாம், பூமியே தொட்டி. ஆனால் அந்தத் தொட்டிக்குச் சுவர் இல்லை. எல்லைக்கு அப்பால் தனியார் ஒருவர் கிணறு தோண்டினால், கடற்படையின் எண்ணெய் பாறை இடுக்குகள் வழியே அவர் பக்கம் நகர்ந்துவிடும். பக்கத்து வயல்காரர் ஆழ்துளை இறக்கியதும் நம் கிணறு வற்றுவது போலத்தான். இந்த உண்மைச் சிக்கலைக் காரணமாகக் காட்டித்தான் பெரிய திருட்டு நடந்தது.

1921-இல் அதிபர் ஹார்டிங் இந்த நிலங்களைக் கடற்படையிடமிருந்து எடுத்து உள்துறைக்கு மாற்றினார். அமெரிக்காவில் உள்துறை என்பது போலீஸைப் பார்ப்பதல்ல, பொது நிலங்களைப் பார்ப்பது. கடற்படைச் செயலர் எட்வின் டென்பி இதற்குத் தலையாட்டினார். உள்துறைச் செயலர் ஆல்பர்ட் ஃபால் 1922-இல், போட்டி ஏலம் எதுவும் இல்லாமல், டீபாட் டோமை எண்ணெய் முதலாளி ஹாரி சின்கிளேருக்கும் எல்க் ஹில்ஸை இன்னொரு எண்ணெய் முதலாளி எட்வர்ட் டோஹினிக்கும் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார். அந்தக் கோடையில் டீபாட் டோமில் வேறொரு நிறுவனம் துளையிட்டுக்கொண்டிருந்ததைத் தடுக்க, கடற்படைக்குரிய மரீன் படையிலிருந்து ஒரு கேப்டனும் நான்கு வீரர்களும் துப்பாக்கியோடு ரயிலேறி வயோமிங் போனார்கள். நாட்டின் எண்ணெயைக் காக்கப் போவதாக அவர்கள் நம்பியிருக்கலாம். உண்மையில் அவர்கள் காத்தது சின்கிளேரின் குத்தகையை.

நியூ மெக்சிகோவில் ஃபாலின் பண்ணையில் திடீரென்று பணம் புழங்குவதும் நல்ல சாதி மாடுகள் வந்திறங்குவதும் அக்கம்பக்கத்தார் கண்ணில் பட்டன. டோஹினியின் மகன் ஒரு சிறிய கறுப்புப் பையில் 1,00,000 டாலரை ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுத்தது, செனட்டர் தாமஸ் வால்ஷ் பொறுமையாகத் தோண்டத் தோண்ட வெளிவந்தது. 1924-இல் டென்பி பதவி விலகினார். 1927-இல் உச்ச நீதிமன்றம் குத்தகைகளை ரத்து செய்தது. நிலங்கள் கடற்படைக்குத் திரும்பின. ஃபால் லஞ்சம் வாங்கிய குற்றத்துக்காகச் சிறை சென்றார். பதவிக்காலக் குற்றத்துக்காகச் சிறைபோன முதல் அமெரிக்க அமைச்சர் அவர்தான். அதே பணத்தைக் கொடுத்த டோஹினியை மட்டும் நடுவர்கள் விடுவித்துவிட்டார்கள். நூறு ஆண்டு ஆன பின்பும் எனக்கு இது ஆறவில்லை. பொதுச் சொத்தைக் காப்பது என்றால் வேலி போடுவதோடு வேலை முடிவதில்லை, சாவி யார் கையில் போகிறது என்பதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டென்பி ஒரு காசுகூட வாங்கியதாகக் குற்றச்சாட்டு இல்லை. தன்னிடம் கொடுத்துவைத்ததைக் கேட்டவரிடம் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

பனியில் தேடிய எண்ணெய்

நான்காவது இருப்பு நிலம் அலாஸ்காவின் வட கோடியில், 1923-இல், ஒரே கையெழுத்தில் 2 கோடியே 30 லட்சம் ஏக்கர். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு. அங்கே எண்ணெய் இருப்பதைக் கடற்படை கண்டுபிடிக்கவில்லை. ஆர்க்டிக் கரையில் எண்ணெய் தானாகக் கசிந்து ஊறிய மண்ணை வெட்டிக் கட்டிகளாக்கி, அங்குள்ள பழங்குடியினரான இனுபியாட் மக்கள் தலைமுறை தலைமுறையாக எரித்துவந்தார்கள். எல்லைக்கோடு வரைந்தபோது அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1944-இல், கடற்படையின் கட்டுமானப் படையினர் அங்கே போய் இறங்கினார்கள். நிலம் உறைந்திருக்கும் குளிர்காலத்தில்தான் கனரக வண்டிகள் நகர முடியும். கோடையில் எல்லாம் சேறு. டிராக்டர்களின் பின்னால் சறுக்குவண்டிகளை ரயில் போலக் கோத்து, அதில் துளையிடும் கோபுரத்தையும் தூங்கும் அறையையும் ஏற்றி இழுத்துப் போனார்கள். 1953 வரை தேடினார்கள். உமியாட் என்ற இடத்தில் ஓர் எண்ணெய் வயல் கிடைத்தது, ஆனால் அங்கிருந்து வெளியே கொண்டுவர வழியில்லை. பாரோ என்ற ஊருக்கருகே இயற்கை எரிவாயு கிடைத்தது. அந்த வாயு கடற்படை முகாமைக் கதகதப்பாக வைத்தது. பக்கத்தில் இருந்த இனுபியாட் வீடுகளுக்கு 1960-களில்தான், அதுவும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகுதான், வந்தது. பக்கத்திலேயே எரிவாயு இருக்கிறது, வீட்டுக்குள் அது இல்லை என்ற நிலையை எண்ணிப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

1968-இல் அமெரிக்காவின் மிகப்பெரிய எண்ணெய் வயலான புருடோ பே கண்டுபிடிக்கப்பட்டது. அது கடற்படை நிலத்துக்குக் கிழக்கே, எல்லைக்கு வெளியே. கண்டுபிடித்தவை தனியார் நிறுவனங்கள். கடற்படையின் பத்தாண்டு உழைப்பு வீண் என்று சிலர் சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. உறைந்த மண்ணில் எப்படித் துளையிடுவது, அங்கே பாறை அடுக்குகள் எப்படி இருக்கின்றன என்ற அடிப்படை அறிவு அந்தப் பத்தாண்டில் சேர்ந்ததுதான்.

1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது. அடக்கிவைத்ததை எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டதாக அமெரிக்கா முடிவு செய்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் எல்க் ஹில்ஸைத் திறந்துவிட்டது. அலாஸ்கா நிலத்தை உள்துறைக்கு மாற்றியது. எல்க் ஹில்ஸ் 1998-இல் 365 கோடி டாலருக்கு ஆக்சிடென்டல் நிறுவனத்துக்குப் போனது. டீபாட் டோம் 2015-இல் விற்கப்பட்டது. அலாஸ்கா நிலத்தில் வில்லோ என்ற பெரிய எண்ணெய்த் திட்டத்துக்கு 2023-இல் அனுமதி கிடைத்து, அதைச் சுற்றி வழக்குகளும் போராட்டங்களும் எழுந்தன. வரைந்தது கடற்படை. வழக்காடுவது இன்றைய தலைமுறை.

கடற்படையிடம் நிலம் இருந்ததால் விளைந்த வேறொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவின் சைனா லேக் என்பது ஆயுதங்களைச் சோதிக்கும் கடற்படைத் தளம். அதன் ஒரு மூலையில், கோசோ என்ற இடத்தில், வெந்நீர் ஊற்றுகள். தளத்திலேயே வேலை பார்த்த நிலவியலாளர்கள் 1960-களிலிருந்து அதை ஆராய்ந்து, இங்கே புவிவெப்ப மின்சாரம் எடுக்கலாம் என்று விடாமல் சொல்லிவந்தார்கள். 1987-இல் மின்சாரம் வந்தது. பிறகு அது 200 மெகாவாட்டைத் தாண்டி வளர்ந்தது. அந்த ஊற்றுகள் அங்குள்ள பழங்குடியினருக்குப் புனிதமானவை, நோய் தீர்க்கும் நீர். மின் நிலையம் வந்த பிறகு ஊற்றின் தன்மை மாறியதைப் பற்றிய அவர்களுடைய வருத்தம் இன்றும் தீரவில்லை.

கப்பலுக்குள் ஓர் உலை

அணுசக்திக்கு அமெரிக்க அரசு கொடுத்த முதல் பணம் எவ்வளவு தெரியுமா? 1,500 டாலர். கொடுத்தது கடற்படை. அணுவைப் பிளக்க முடியும் என்ற செய்தி ஐரோப்பாவிலிருந்து வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. 1939 மார்ச் 17 அன்று இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி வாஷிங்டனில் கடற்படை அதிகாரிகளைச் சந்தித்துப் பேசினார். கேட்டவர்களில் ராஸ் கன் என்ற கடற்படை ஆய்வகத்து இயற்பியலாளர், குண்டைப் பற்றி நினைக்கவில்லை. நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றி நினைத்தார். அக்காலத்து நீர்மூழ்கிக் கப்பல் பெயரளவில்தான் மூழ்கியது. டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும், ஆகவே பெரும்பாலும் மேலேதான் ஓடும். மூழ்கினால் பேட்டரிதான் கதி. அது தீர்ந்ததும் மூச்சுத் திணறி மேலே வந்தாக வேண்டும். காற்றே வேண்டாத எரிபொருள் ஒன்று கிடைத்தால்? சில நாட்களிலேயே குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்.

போர்க்காலத்தில் அணுகுண்டுத் திட்டம் தரைப்படையிடம் போனது, கடற்படையை ஒதுக்கிவைத்தார்கள். ஆனாலும் கடற்படை ஆய்வகத்தில் ஃபிலிப் ஏபல்சன் என்ற இளம் விஞ்ஞானி, உயரமான குழாய்களில் சூட்டையும் குளிரையும் எதிரெதிரே வைத்து யுரேனியத்தைச் செறிவூட்டும், அதாவது அதில் எளிதில் பிளக்கும் பங்கைக் கூட்டும், முறையைத் தானாக உருவாக்கிக்கொண்டிருந்தார். 1944-இல் குண்டுத் திட்டம் செறிவூட்டலில் திணறியபோது, ஒதுக்கிவைத்த கடற்படையின் அந்த முறையையே டென்னசியின் ஓக் ரிட்ஜ் அணு ஆய்வுத் தளத்தில் பெரிய அளவில் கட்டினார்கள்.

போர் முடிந்ததும் 1946-இல் சில கடற்படைப் பொறியாளர்கள் ஓக் ரிட்ஜுக்குப் படிக்க அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ரிக்கோவர். போலந்தில் ஓர் எளிய யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்தவர். சக அதிகாரிகளுக்குப் பிடிக்காத ஆள்: முகத்துக்கு நேரே பேசுவார், தூங்க விடமாட்டார், சாக்கு ஏற்கமாட்டார். ஓக் ரிட்ஜில் ஆல்வின் வைன்பர்க் என்ற இயற்பியலாளர் அவரிடம் ஒரு யோசனை சொன்னார். கப்பலுக்கு இடம் முக்கியம். சாதாரணத் தண்ணீரை மிக அதிக அழுத்தத்தில் வைத்தால் உலை சிறியதாக இருக்கும்.

இதை நம் அடுக்களைக் குக்கரை வைத்தே புரிந்துகொள்ளலாம். குக்கரின் மூடி இறுகியதும் உள்ளே அழுத்தம் கூடி, தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மின் நிலையத்து அழுத்த நீர் உலையில் காற்றழுத்தத்தைப் போல 150 மடங்கு. தண்ணீர் 300 டிகிரிக்கு மேலும் தண்ணீராகவே இருக்கும். அது யுரேனியத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு போய், வேறொரு குழாய்த்தொகுதியில் உள்ள தண்ணீரை ஆவியாக்குகிறது. அந்த ஆவி டர்பைனைச் சுழற்றுகிறது. இந்தத் தண்ணீருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அணு பிளந்து பறக்கும் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்து, அடுத்த அணுவைப் பிளக்க ஏற்றதாக்குவதும் அதுதான். சூடு கூடினால் தண்ணீர் விரிந்து அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்தால் நியூட்ரான்கள் வேகம் குறையாமல் தப்பும், வினை தானே தளரும். உலை தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். ஒரு நிமிடம் முழு வேகம், மறு நிமிடம் நிறுத்தம் என்று ஓடும் போர்க்கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான குணம் கிடையாது. தண்ணீர், நீராவி, வால்வு, பம்பு எல்லாம் மாலுமிகளுக்கு நூறாண்டுப் பழக்கம் என்பதும் சேர்ந்துகொண்டது.

சிக்கல் எரிபொருளுக்குப் போடும் உறையில் இருந்தது. சூடான நீரில் துருப்பிடிக்கக் கூடாது, நியூட்ரான்களை விழுங்கவும் கூடாது. சிர்கோனியம் என்ற உலோகம் துருப்பிடிக்காது, ஆனால் நியூட்ரான்களை விழுங்குவதாக எண்ணியிருந்தார்கள். கூர்ந்து பார்த்தால், விழுங்கியது சிர்கோனியம் அல்ல, அதோடு ஒட்டிப்பிறந்த ஹாஃப்னியம் என்ற இன்னொரு உலோகம். இரண்டையும் பிரித்தால் சிர்கோனியம் சொக்கத்தங்கம். பிரித்தெடுத்த ஹாஃப்னியம், நியூட்ரான்களை விழுங்கும் குணத்துக்காகவே உலையைக் கட்டுப்படுத்தும் தண்டுகளுக்கு ஆனது. ஆய்வகத்தில் கையளவு கிடைத்துவந்த இந்த உலோகத்துக்கு ஒரு தொழிலையே உருவாக்கினார் ரிக்கோவர். இன்று நீரில் இயங்கும் மின் உலைகளின் எரிபொருள் உறைகள் பெரும்பாலும் சிர்கோனியக் கலவைகளே. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் சிர்கான் என்ற தாதுதான் அதன் மூலப்பொருள். தூத்துக்குடிக்கு அருகே பழையகாயலில், 2009 முதல், இந்திய உலைகளுக்காகச் சிர்கோனியம் பிரித்தெடுக்கும் ஆலை இயங்குகிறது. கன்னியாகுமரிக் கரையின் மணலுக்கு அணு உலையில் வேலை வந்ததன் வேரைத் தேடினால், அது கடைசியில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலில் போய் முடிகிறது.

1955 ஜனவரி 17 அன்று கனெக்டிகட்டின் குரோட்டனிலிருந்து உலகின் முதல் அணு நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸ் அணுசக்தியில் கிளம்பியது. தலைமை தாங்கியவர் யூஜீன் வில்கின்சன். மூன்றாண்டு கழித்து அதே கப்பல் வட துருவத்துப் பனிக்கடியில் போனது. ரிக்கோவர் தண்ணீரை மட்டும் நம்பி உட்காரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீவுல்ஃப் என்ற இன்னொரு கப்பலில் உருகிய சோடியத்தால் குளிரும் உலையை வைத்துப் பார்த்தார். சோடியம் தண்ணீரைத் தொட்டால் தீப்பிடிக்கும். கப்பலைச் சுற்றிலும் தண்ணீர். கசிவுகள் தொல்லை கொடுத்தன. சில ஆண்டுகளில் அதைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீர் உலையையே பொருத்தினார்கள்.

கப்பல் கரையேறியது

இனி திருப்பம். ஒரு விமானந்தாங்கிக் கப்பலுக்காகப் பெரிய உலை ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். 1953-இல் செலவைக் குறைக்க அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தியது. அதே நேரத்தில் மின்சாரம் தரும் அணு நிலையம் ஒன்றை உடனே காட்டியாக வேண்டும் என்ற அவசரமும் அரசுக்கு இருந்தது. சோவியத்தும் பிரிட்டனும் முந்திக்கொண்டிருந்தன. தயாராக இருந்த வடிவம் ஒன்றே ஒன்று. தயாராக இருந்த ஆளும் ஒருவரே. கப்பலுக்கான உலையைக் கரைக்கேற்ப மாற்றும் வேலை ரிக்கோவரிடமே வந்தது.

பென்சில்வேனியாவில், ஒஹையோ ஆற்றங்கரையில், ஷிப்பிங்போர்ட் என்ற சிற்றூர். டுகேன் என்ற மின் நிறுவனம் நிலமும் டர்பைன் பகுதியும் தந்தது. 1957 டிசம்பரில் 60 மெகாவாட் மின்சாரம் பிட்ஸ்பர்க் பக்கம் பாய்ந்தது. அதன் விலை நிலக்கரி மின்சாரத்தைப் போலப் பல மடங்கு. ஆனால் அங்கே கிடைத்த அறிவுக்கு விலை மதிக்க முடியாது. யுரேனிய ஆக்சைடைச் சிறு மாத்திரைகளாக அழுத்திச் சிர்கோனியக் குழாயில் அடுக்கும் முறை அங்கேதான் மின் நிலையத்துக்கு வந்தது. உலகெங்கும் இன்று அதுதான் வழக்கம். கப்பல் உலைகளின் ரகசியங்களைப் பூட்டிவைத்த அதே ரிக்கோவர், ஷிப்பிங்போர்ட் வடிவமைப்பைத் திறந்துவைத்தார். பயிற்சிகள் நடந்தன, அறிக்கைகள் வெளிவந்தன, வெளிநாட்டுப் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். உலையைக் கட்டிய வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் அந்த அனுபவத்தை வைத்தே உலகச் சந்தையில் இறங்கியது. இன்று பிரான்சின் மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தரும் உலைகளுக்கு அடித்தளம் அந்நிறுவனத்தின் உரிமத்தில் போடப்பட்டதுதான்.

இது நல்லதா? இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர்களில் ஒருவர், யோசனையைச் சொன்ன அதே வைன்பர்க். அழுத்த நீர் உலை கப்பலுக்குச் சரி. கரையில் இடப்பஞ்சம் இல்லையே, ஊருக்கு மின்சாரம் தர வேறு வகைகள் இன்னும் பொருத்தமாக இருக்கலாமே என்று அவர் கருதினார். உருகிய உப்பில் இயங்கும் உலைக்காகவும், உலைகளின் பாதுகாப்புக்காகவும் வாதாடிய அவர், 1973-இல் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் தலைமையை இழந்தார். அவர் சொன்னதில் எனக்கு நியாயம் தெரிகிறது. உலையை நிறுத்திய பிறகும் எரிபொருள் கனன்றுகொண்டே இருக்கும். கப்பலின் சிறிய உலைக்குச் சுற்றிலும் கடல். கரையில் அதே வடிவத்தைப் பல மடங்கு பெரிதாக்கியபோது, அந்த மிச்சச் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் தொடர்ந்து கிடைப்பதே உயிர்ப் பிரச்சினை ஆனது. 1979-இல் பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்தது அதுதான். ஒரு வால்வு மூடாமல் நின்றது, தண்ணீர் வெளியேறியது, மூடிவிட்டதாக நம்பிய பணியாளர்கள் அவசர நீரையும் குறைத்தார்கள். உலையின் உள்பகுதி பாதி உருகியது.

ஆனால் மாற்று வகைகள் காகிதத்தில் எப்போதும் அழகானவை என்பதும் உண்மை. ரிக்கோவரே 1953-இல் எழுதினார்: காகித உலை எளிமையானது, சிறியது, மலிவானது, சீக்கிரம் கட்டிவிடலாம், நிஜ உலையோ சிக்கலானது, தாமதமாகிக்கொண்டிருப்பது, செலவு கூடிக்கொண்டே போவது. மண்ணில் இறங்கி வேலை செய்த எவரும் இதை மறுக்கமாட்டார்.

த்ரீ மைல் ஐலண்டுக்குப் பிறகு மின் நிறுவனங்கள் தங்களைத் தாங்களே கண்காணிக்க ஒரு அமைப்பைத் தொடங்கின. அதன் முதல் தலைவராக வந்தவர் யூஜீன் வில்கின்சன், நாட்டிலஸின் முதல் கேப்டன். விபத்து நடந்து நான்கு நாள் கழித்து நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைக்கே நேரில் போய்ப் பார்த்த அதிபர் ஜிம்மி கார்ட்டர், ஒருகாலத்தில் ரிக்கோவரின் கீழ் பணியாற்றிய கடற்படை அதிகாரி. இரும்பும் யுரேனியமும் போலவே மனிதர்களும் கப்பலிலிருந்துதான் கரைக்கு வந்தார்கள். கடற்படையில் உலை இயக்கிப் பழகிய ஆயிரக்கணக்கானோர் ஓய்வுக்குப் பின் மின் நிலையங்களின் கட்டுப்பாட்டு அறைகளில் அமர்ந்தார்கள்.

இந்தியாவில் வரிசை தலைகீழாக இருந்தது. யுரேனியத்தைச் செறிவூட்டும் வசதி அன்று நம்மிடம் இல்லை. ஆகவே இயற்கை யுரேனியத்திலேயே இயங்கும் கனநீர் உலைகளைத்தான் மின்சாரத்துக்குத் தேர்ந்தெடுத்தோம். கல்பாக்கம் அதற்குச் சாட்சி. கடற்படைக்கான அழுத்த நீர் உலை பிறகு வந்தது. அரிஹந்த் என்ற இந்திய நீர்மூழ்கிக் கப்பலுக்குப் போகும் முன், அதன் மாதிரி உலை அதே கல்பாக்கத்தில், ஐடஹோவைப் போலவே, கரையில் நிறுத்தி ஓட்டிப் பார்க்கப்பட்டது. 2009-இல்தான் அதை வெளியுலகுக்குக் காட்டினார்கள். இங்கே மின்சாரம் முதலில், கப்பல் பிறகு. அதனால் நம் உள்நாட்டு மின் உலைகள் கப்பலின் வடிவத்தைச் சுமக்கவில்லை.

ஷிப்பிங்போர்ட்டின் கடைசிக் காலம் இந்தியர்களுக்குத் தனி ஆர்வம் தரக்கூடியது. 1977-இல் அதன் எரிபொருளை மாற்றித் தோரியத்தையும், தோரியத்திலிருந்து உண்டாகும் யுரேனியம்-233 என்பதையும் வைத்து ஓட்டினார்கள். ஐந்தாண்டு மின்சாரம் தந்த பிறகு எரிபொருளை வெளியே எடுத்து அளந்தபோது, தொடக்கத்தில் இருந்ததைவிடச் சற்றே அதிகமாகப் பிளக்கத்தக்க எரிபொருள் அதில் இருந்தது. எரித்ததைவிட விளைந்தது கூடுதல். மணவாளக்குறிச்சி மணலில் சிர்கானோடு கலந்து கிடக்கும் மோனசைட்டில் இருப்பதும் தோரியம்தான்.

1982-இல் ஷிப்பிங்போர்ட் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு, 82 வயதில், விருப்பமில்லாமல் ஓய்வுக்கு அனுப்பப்பட்ட ரிக்கோவர், நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, தான் கட்டிய கப்பல்களைப் பற்றித் தனக்குப் பெருமை இல்லை, எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடுவேன் என்றார். கதிர்வீச்சை உண்டாக்கும் எதுவும் வாழ்க்கைக்கு எதிரானது என்ற அச்சம் அந்தப் பேச்சில் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திகைத்தார்கள்.

நிலையத்தைப் பிரித்தபோது உலைக்கலத்தை வெட்டித் துண்டாக்கவில்லை. சுற்றிலும் கான்கிரீட் நிரப்பி, ஒரே பொட்டலமாகத் தூக்கி ஒரு தெப்பக்கப்பலில் ஏற்றினார்கள். ஒஹையோவில் இறங்கி, மிசிசிப்பி வழியே மெக்சிகோ வளைகுடாவுக்குப் போய், பனாமா கால்வாயைக் கடந்து, பசிபிக் கரையோரமாக வடக்கே ஏறி, கொலம்பியா ஆற்றின் வழியே 1989-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டு அணுக்கழிவுத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கப்பலுக்காக வரையப்பட்டு, கரையிலேயே வாழ்நாளைக் கழித்த உலை, புதைகுழிக்குப் போகும்போதுதான் முதன்முறையாகக் கடலைப் பார்த்தது.